செட்டு மாத்திரையும் என் முதுகும்

முப்பது வருஷத்துக்கு மேல் ஊராரின் முதுகுவலிக்கு மாத்திரை எண்ணிக் கொடுத்தேன். அதில் என் முதுகு போயிற்று. இதை ஒரு தியாகம் போலச் சொல்லிக்கொள்வது என் வழக்கம். என் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வதில்லை. மாத்திரை எண்ணி யாருக்கும் முதுகு போகாது, தூக்க வேண்டாம் என்று சொன்ன பெட்டியைத் தூக்கினால்தான் போகும் என்பார். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தப்பைத் திருத்தாமல் அவருக்குச் சோறு இறங்காது.

போன மாதம் நான் கடைசியாக வேலை பார்த்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். விருந்தாளியாக இல்லை, நோயாளியாகத்தான். மருந்தகம் மாறிப்போயிருக்கிறது. டோக்கன் எண் பலகையில் சிவப்பாக ஓடுகிறது. மருந்துச் சீட்டு கம்ப்யூட்டரில் வந்துவிடுகிறது. கவரின் மேல் காலை, மாலை என்று அச்சடித்த தாள் ஒட்டித் தருகிறார்கள். நான் உட்கார்ந்திருந்த ஜன்னலில் நித்யா இருக்கிறாள். என்னிடம் பயிற்சிக்கு வந்தவள், இப்போது அவளிடம் பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, வலி மாத்திரைகளைப் பற்றி அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னாள்.

"உங்களுக்குத்தான் அக்கா ஜன்னலோட ரெண்டு பக்கமும் தெரியும்" என்றாள்.

பெருமையாக இருந்தது. பஸ்ஸில் வரும்போதுதான் அது பாராட்டு இல்லை என்று பட்டது. இருந்தாலும் ஒத்துக்கொண்டாயிற்று.

நான் மருந்தாளுநர் பட்டயம் படித்தது மதுரையில். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மருந்துகளின் பெயர்களை ஜெபமாலை உருட்டுவது போல உருட்டி மனப்பாடம் செய்தேன். அதில் பாதி மருந்துகள் நான் வேலைக்கு வருவதற்குள் வழக்கொழிந்துவிட்டன. முதல் வேலை பழனிப் பக்கம். பெரிய ஜாடியிலிருந்து மருந்து மிக்சர் ஊற்றிக் கொடுக்கும் வேலை. ஜனங்கள் கொண்டுவரும் புட்டிகளில்தான் ஊற்ற வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை பிராந்தி புட்டிகள். இடுப்பு வலிக்காரர்கள் அங்கே "ஏனுங்க, இடுப்புப் புடிச்சுக்கிச்சுங்க" என்பார்கள். திண்டுக்கல் பக்கம் மாற்றலாகி வந்தேன். இங்கே "நடுமுதுகு கழண்டு போச்சும்மா" என்றார்கள். கொடுத்த மாத்திரை இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

இங்கே எனக்கு மேலே தலைமை மருந்தாளுநராக இருந்தவர் காதர் சார். பேகம்பூர்க்காரர். வெள்ளைச் சட்டை, ஒட்ட வெட்டிய தாடி, சட்டைப் பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல். மாத்திரை அட்டையை அவர் வெட்டுவதைப் பார்க்க வேண்டும். பெயரும் காலாவதித் தேதியும் அச்சாகியிருக்கிற ஓரம் நோயாளியிடம் போகிற துண்டில் இருக்கும்படிதான் வெட்டுவார். எழுத்து தெரியாதவர்களுக்குக் கவரில் காலைக்கு ஒரு சூரியன், ராத்திரிக்கு ஒரு பிறை வரைவார். சோற்றுக்குப் பிறகு சாப்பிட வேண்டிய மாத்திரை என்றால் கவரின் வாயை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்துவிடுவார். "சோறு தின்ன கையாலதான் இதப் பிரிக்கணும்" என்பார்.

அவருடைய பெரிய வழக்கம் ஒன்று உண்டு. கவரை ஜன்னல் வழியே நீட்டுவார். நோயாளி பிடித்ததும் விட்டுவிட மாட்டார். ஒரு முனை அவர் கையில், மறுமுனை இவர் கையில். அப்படியே வைத்துக்கொண்டு, "வீட்ல போயி இத எப்படித் திம்பீங்க, சொல்லுங்க" என்று கேட்பார். சரியாகச் சொன்னால்தான் விடுவார். வரிசை வாசல் தாண்டிப் போகும். பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள். நானும் உள்ளுக்குள் முனகியிருக்கிறேன். என் வரிசை சடசடவென்று நகரும். அதில் எனக்குக் கர்வம் வேறு.

காதர் சார் கோபத்தில் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் அவருடைய தமிழ் மாறிவிடும். மேடைப் பேச்சாளர் மாதிரி, "தாங்கள் செய்தது முறையல்ல" என்பார். அவர் "தாங்கள்" என்று ஆரம்பித்தால் நாங்கள் எல்லோரும் அலமாரிப் பக்கம் திரும்பி ஏதாவது தேடுவோம்.

என் முதுகு போனது ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை கூட்டம் எப்படி இருக்கும் என்று ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளுக்கோஸ் புட்டிப் பெட்டி ஒன்று என் நாற்காலியை இடித்துக்கொண்டு கிடந்தது. தூக்கி வைக்க ஆள் வந்துகொண்டிருந்தார். எனக்குப் பொறுமை இல்லை. முட்டியை மடக்காமல், இடுப்பிலிருந்து குனிந்து தூக்கினேன். நோயாளிகளுக்கு எப்படித் தூக்கக் கூடாது என்று படம் போட்டு எங்கள் சுவரில் ஒட்டியிருந்தது. அந்தப் படத்துக்குக் கீழேயே, அந்தப் படத்தில் இருக்கிற மாதிரியே தூக்கினேன்.

சுளீர் என்றது. குனிந்தவள் நிமிரவில்லை. அப்படியே கையை ஊன்றித் தரையில் தவழ்கிற மாதிரி ஆகிவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்கு நான் இருந்த இடம் திடீரென்று காலியாகத் தெரிந்திருக்கிறது. "அம்மா டீ குடிக்கப் போயிருச்சு" என்று யாரோ சொன்னது தரையில் கிடந்த எனக்குக் கேட்டது. அந்த நிலையிலும், போகவில்லை என்று பதில் சொன்னேன். தரையிலிருந்து குரல் வந்ததும் முதல் ஆள் ஜன்னலுக்குள் தலையை விட்டு எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, மரியாதையாகத் தலையை வெளியே எடுத்துக்கொண்டார்.

எலும்பு டாக்டர் பார்த்தார். சவ்வு கொஞ்சம் பிதுங்கியிருக்கலாம், பெரும்பாலும் தானே சரியாகும் என்றார். வலி மாத்திரை, வயிற்றுக்கு ஒன்று, தசை இறுக்கத்தைத் தளர்த்த ஒன்று, எல்லாம் கொஞ்ச நாளைக்கு. பிறகு உடற்பயிற்சி. சீட்டை வாங்கிக்கொண்டு வழக்கம் போல உள்ளே போய் நானே எடுத்துக்கொள்ளப் பார்த்தேன். காதர் சார் வாசலில் நின்றுகொண்டு, வரிசையில் வரச் சொன்னார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் விளையாடுகிற ஆள் இல்லை.

பெண்கள் வரிசையில் நின்றேன். என் ஊரில், என் ஆஸ்பத்திரியில், என் ஜன்னலுக்கு முன்னால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. எனக்கு முன்னால் நின்ற பெண், "உள்ளயும் மாத்திரை இல்லையாம்மா?" என்று கவலையோடு கேட்டாள். என் முறை வந்தது. காதர் சார் கவரை நீட்டினார். பிடித்தேன். அவர் விடவில்லை.

"வீட்ல போயி இத எப்படித் திம்பீங்க?"

அதுவரை ஆயிரக்கணக்கான பேருக்கு நான் சொன்ன பதில். காலில் மின்சாரம் மாதிரி ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. வயிற்று மாத்திரையைச் சோற்றுக்குப் பிறகு என்றும், வலி மாத்திரையை வெறும் வயிற்றில் என்றும் மாற்றிச் சொன்னேன். பக்கத்து ஜன்னலில் இருந்த பையன் சிரித்துவிட்டான். காதர் சார் சிரிக்கவில்லை. மறுபடி சொல்லச் சொன்னார். வலியோடு நிற்கிறவர்களுக்கு நாம் சொல்வது எதுவும் காதில் விழுவதில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என் வேகமான வரிசையில் கவரை வாங்கிக்கொண்டு தலையாட்டிப் போனவர்கள் எல்லாம் வீட்டில் என்ன செய்திருப்பார்களோ.

மருந்து தெரிந்தவள் ஒழுங்காகச் சாப்பிட்டிருப்பேன் என்றுதானே நினைப்பீர்கள். காலையில் அவசரத்தில் வலி மாத்திரையை டீயோடு விழுங்கினேன். வயிறு எரிந்தது. தசை தளர்த்தும் மாத்திரை தூக்கம் வரவழைக்கும், வண்டி ஓட்டக் கூடாது என்று எல்லோருக்கும் சொல்வேன். அதைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனேன். வண்டி ஓட்டவில்லை. பிரசங்கம் ஆரம்பித்தது தெரியும். முடிந்தது தெரியாது. நான் விட்ட குறட்டை பீடம் வரை கேட்டதாக வீட்டுக்காரர் சொன்னார். வாத்தியார்கள் சில சமயம் மிகைப்படுத்துவார்கள்.

சேலைக்கு உள்ளே இடுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில்தான் பரமசிவம் வந்தார். நான் சொல்ல வந்ததே அவரைப் பற்றித்தான்.

பரமசிவம் வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்குகிறவர். நாற்பது தாண்டியவர். ஒரு காலத்தில் முதுகுவலிக்கு எங்களிடம் வந்துகொண்டிருந்தார். மூட்டை தூக்குவதைக் கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லி டாக்டர்கள் சொல்வார்கள். அவர் நிறுத்த மாட்டார். அவருடைய வீட்டு அடுப்பு அந்த முதுகில்தான் எரிந்தது. பிறகு தனக்கென்று வருவதை விட்டுவிட்டார். மனைவி பாண்டியம்மாளின் சர்க்கரை மாத்திரைக்கு மட்டும் வருவார். நிமிர்ந்து நடந்து வருவார். முகம் நன்றாக உருண்டு, கன்னம் பளபளவென்று இருக்கும். "நல்லாத் தேறிட்டீங்க" என்று ஒரு தரம் நானே சொன்னேன். மருந்துகளின் பக்கவிளைவுகள் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதிய நான், அந்த முகத்தைப் பார்த்துச் சொன்னது அதுதான். அவரும் சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

அந்தப் பரமசிவத்தை ஒரு நாள் காலையில் ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தார்கள். இரண்டு மூன்று நாளாக ஓயாத வாந்தி, எழுந்தால் கிறுகிறுப்பு, அன்றைக்கு எழுந்திருக்கவே முடியவில்லை. ரத்த அழுத்தம் மிகவும் இறங்கியிருந்தது. பணியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுக்காரர், ஆனால் கண் கூர்மை. உருண்டை முகத்தையும், மெலிந்துபோன கை கால்களையும், வயிற்றில் சிவந்து ஓடிய தழும்புக் கோடுகளையும் பார்த்தார். இவர் ரொம்ப நாளாக ஸ்டீராய்டு சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தியிருக்கிறார் என்றார். சந்தேகம் தீரக் காத்திராமல் அதற்கான ஊசியைப் போடச் சொல்லிவிட்டார்.

ஸ்டீராய்டு என்பது நம் உடம்பே சுரந்துகொள்கிற ஒன்றின் மருந்து வடிவம். தினமும் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் உடம்பு சுரப்பதை நிறுத்திவிடும். வெளியிலிருந்து வருவதும் ஒரே நாளில் நின்றால் இரண்டுமே இல்லாமல் ஆள் சரிந்துவிடுவார். அதனால்தான் டாக்டர் சொல்லி, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். டாக்டரம்மாவுக்கு இப்போது வேண்டியது, என்ன மாத்திரை, எவ்வளவு, எத்தனை காலமாக, கூட வேறு என்ன. பரமசிவம் பேசும் நிலையில் இல்லை. பாண்டியம்மாளைக் கேட்டார்கள்.

"அவரு ஒரு மாத்திரையும் திங்கல" என்றாள் பாண்டியம்மாள்.

திரும்பத் திரும்பக் கேட்டும் அதையேதான் சொன்னாள். டாக்டரம்மா மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்பினார். காதர் சார் போனார். அலமாரிச் சாவி கேட்கிற சாக்கில் நானும் பின்னால் நொண்டிக்கொண்டு போனேன்.

பாண்டியம்மாள் வராந்தாவில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காதர் சார் உடனே மாத்திரைப் பேச்சை எடுக்கவில்லை. அவளுக்கு எதிரே, தரையில், சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை அழுக்காகும் என்று இறகு மாதிரி நடக்கிற மனிதர். காலையில் சாப்பிட்டாளா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார். பிறகு மெதுவாக, வீட்டில் இருந்த மாத்திரையை அவள் தூக்கிப் போட்டுவிட்டாளா என்று கேட்டார்.

அவள் முகம் உடைந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். மாத்திரை விற்ற கடைக்காரர் யாரையோ அவள் காப்பாற்றுகிறாள் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அப்படி இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ, அவர் கடையில் வாங்கித் தின்கிற பெயரில்லாத மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும் என்று சொன்னதைக் கேட்டு, புருஷன் இல்லாத நேரத்தில் மொத்தத்தையும் சாக்கடையில் கொட்டியிருக்கிறாள். மறுபடி வாங்கினால் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டிச் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அவரும் வாங்கவில்லை. மூன்றாம் நாள் ஆள் விழுந்துவிட்டார். அவர் எதையும் சாப்பிடவே இல்லை என்றால், அவள் எதையும் கொட்டவும் இல்லை. அந்தக் கணக்கில்தான் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் கொட்டுனதுனாலயா சார்?" என்று கேட்டாள்.

"தாயி, நீங்க கொட்டுனது வெசத்த" என்றார் காதர் சார். "அதக் கொட்டுறதுக்கும் ஒரு முறை இருக்கு. அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியதில்ல. குடுத்தவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். எங்க வாங்குனாரு, அத மட்டும் சொல்லுங்க."

வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னாள். கோயிலுக்கு எதிரே ஒரு கடை. செட்டு மாத்திரை என்று கேட்டால் போதும். சின்னக் கவரில் நாலைந்து மாத்திரை சேர்த்துப் போட்டிருக்கும், பெயர் எதுவும் இருக்காது.

அந்த மாத்திரையை வாங்கி வர யார் போவது? காதர் சாரை அந்தப் பக்கத்து மருந்துக்கடைகள் எல்லாவற்றுக்கும் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். நான் அப்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பிலோமினாம்மா, உங்களுக்கு நடிக்க வேண்டிய சிரமம் இல்ல" என்றார்.

இப்படித்தான் என் வேலைக்காலத்தில் ஒரே ஒரு தடவை நான் துப்பறியப் போனேன். போலீஸ் உடுப்புக்குப் பதில் இடுப்புப் பட்டை.

கடைக்காரரைக் கெட்ட ஆளாகக் கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். ஏமாந்தேன். நான் படியேறுவதைப் பார்த்ததும் வெளியே வந்து கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். மின்விசிறியைப் போட்டு, நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். எங்கள் ஜன்னலில் உட்கார இடம் கிடையாது. என்னை அவ்வளவு பொறுமையாக அதுவரை யாரும் விசாரித்ததில்லை. காலுக்கு இழுக்கிறதா, இருமினால் வலிக்கிறதா, எதையாவது தூக்கினீர்களா என்று கேட்டார். தூக்கினேன் என்றேன்.

"படிச்சவங்க மாதிரி இருக்கீங்க" என்றார். "படிச்சவங்கதான் இப்படித் தூக்குவாங்க."

ஒரு செட்டை எடுத்து நீட்டினார். வெளியூர் போகிறேன், ஒரு மாதத்துக்கு வேண்டும் என்றேன். கட்டி வைத்திருந்த கவர்கள் அதற்குப் போதவில்லை. இழுப்பறையைத் திறந்து அட்டைகளை எடுத்து, மேசை மேல் வைத்தே ஒவ்வொன்றாகப் பிதுக்கிச் சேர்த்தார். நான் எதிரே உட்கார்ந்து, முனகிக்கொண்டே, அட்டைகளில் இருந்ததைத் தலைகீழாக வாசித்தேன். வெளியே நிற்பவர்கள் ஜன்னலுக்குள் தலைகீழாக நீட்டும் சீட்டுகளை வருஷக்கணக்கில் வாசித்து வந்த பழக்கம். நான் கற்ற வித்தைகளில் வெளியே உதவிய ஒரே வித்தை அது.

திரும்பும்போது பஸ்ஸில் கடைசி இருக்கைதான் கிடைத்தது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் என் முதுகெலும்பு கழன்று மறுபடி மாட்டிக்கொண்டது. கைப்பைக்குள் அந்த மாத்திரைகள் இருந்தன. உள்ளே இருப்பது என்ன என்று அந்த பஸ்ஸில் எனக்கு மட்டும்தான் தெரியும். ஒரு செட்டை விழுங்கினால் கொஞ்ச நேரத்தில் நான் நிமிர்ந்து உட்காரலாம், ஆஸ்பத்திரிப் படியை ஓடி ஏறலாம் என்பதும் தெரியும். அத்தனை வருஷம் "கூடாது, கூடாது" என்று சொன்ன வாயில் எச்சில் ஊறியது. பரமசிவத்தை முட்டாள் என்று காலையில் மனதுக்குள் திட்டியிருந்தேன். அந்தத் திட்டை அந்தக் கடைசி இருக்கையில் வைத்து வாபஸ் வாங்கினேன். பையைத் தூக்கிப் பக்கத்துப் பெண்ணின் மடியில் வைத்து, "செத்த நேரம் வச்சிருங்கம்மா" என்றேன். நான் வாந்தியெடுக்கப் போகிறேன் என்று நினைத்து, அவள் அவசரமாக எழுந்து எனக்கு ஜன்னல் ஓரத்தைக் கொடுத்தாள்.

காதர் சார் வெள்ளைத் தாளை விரித்து ஒரு செட்டைக் கொட்டினார். கத்தரிக்கோல் முனையால் ஒவ்வொன்றாக ஒதுக்கினார். வலி மாத்திரை ஒன்று, அதே வேலையைச் செய்கிற இன்னொரு வலி மாத்திரை ஒன்று, மஞ்சளாக ஒரு சத்து மாத்திரை, மிளகை விடக் கொஞ்சம் பெரிதாக இரண்டு. அந்த இரண்டும்தான் டெக்சாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு. நான் அட்டையில் வாசித்த பெயர்களைச் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். பிறகு, "வயிற்றுக்கு ஒன்றுகூட வைக்கவில்லை. இது மிகவும் வருந்தத்தக்கது" என்று அச்சுத் தமிழில் சொன்னார். நான் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டரம்மாவின் ஊகம் சரியாக இருந்தது. எவ்வளவு என்பதும் தெரிந்ததால், அடுத்து எந்த அளவில் ஆரம்பித்து எப்படிக் குறைப்பது என்று அவரால் தீர்மானிக்க முடிந்தது. ஓரிரு நாளில் பரமசிவம் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். காதர் சார் கடையைப் பற்றி முறைப்படி மேலே தெரிவித்தார். கடை மூடப்பட்டது. கொஞ்ச நாளில் வேறு எங்கோ ஒன்று திறந்ததாகக் கேள்வி. மருத்துவமனை வரிசையில் இரண்டு பெஞ்சு போடச் சொல்லி அந்த வாரமே நான் நச்சரிக்க ஆரம்பித்தேன். அந்தக் கடைக்காரரிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருந்தது என்றால் அது நாற்காலிதான்.

உயிர் பிழைத்ததோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். கஷ்டமான பகுதி பிறகுதான் ஆரம்பித்தது. பரமசிவத்தின் சிறுநீரகம் கொஞ்சம் அடி வாங்கியிருந்தது. அதனால் வழக்கமான வலி மாத்திரைகள் அவருக்குக் கூடாது. ஸ்டீராய்டின் அளவு மாதக்கணக்கில் இறங்கிக்கொண்டே வரும். வலிக்குப் பாராசிட்டமால், அதுவும் அளவோடு. மற்றதற்கு உடற்பயிற்சி. இத்தனை வருஷம் மாத்திரைக்கு அடியில் படுத்துக்கிடந்த முதுகுவலி மொத்தமாக எழுந்து உட்கார்ந்தது. பரமசிவம் கவரைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தள்ளினார்.

"எனக்கு என்ன காச்சலாம்மா? காச்ச மாத்திரையக் குடுக்கிறீங்க. அந்த மாத்திரையில நான் மூட்டையோட லாரி ஏறுவேன். உங்க மாத்திரையில குனிஞ்சு செருப்பு மாட்ட முடியல."

சிறுநீரகம், பக்கவிளைவு, அளவு என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் கண் என் தலைக்கு மேலே எங்கோ இருந்தது. கடைசியில் நாற்காலியிலிருந்து எழுந்து, பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய், என் காலைக் காட்டினேன். வார் வைத்த செருப்பை விட்டுவிட்டு வீட்டு ரப்பர் செருப்போடு வேலைக்கு வந்துகொண்டிருந்தேன். என்னாலும் குனிந்து மாட்ட முடியாது, விசேஷத்துக்குப் போனால் வீட்டுக்காரர்தான் மாட்டிவிடுகிறார் என்றேன். பரமசிவம் என் காலைப் பார்த்தார். சேலையில் புடைத்துத் தெரிந்த பட்டையைப் பார்த்தார். சிரிப்பு வராத முகம்தான். ஆனால் கவரை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு உடற்பயிற்சி அறையில் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து விரிப்பில் படுத்து முட்டியை நெஞ்சுக்கு இழுத்தோம். சொல்லிக்கொடுத்த பெண் அவரைத்தான் பாராட்டுவாள். என்னிடம், வீட்டில் செய்வதில்லை போலிருக்கிறதே என்பாள். செய்யவில்லைதான். அவர் செய்தார். வேறு வழி இல்லை அவருக்கு. பேட்டையில் மூட்டை தூக்குவதை விட்டு, எடை பார்த்துச் சொல்கிற வேலைக்கு மாறினார். கூலி குறைந்தது. கோபம் கொஞ்ச நாள் இருந்தது. சில மாதம் என்னோடு பேசாமலே கவரை வாங்கிப் போவார். வலி முழுசாகப் போகவில்லை. காலையில் கொஞ்சம், மழைக்காலத்தில் அதிகம் என்று கூடவே இருந்து பழகிவிட்டது. எனக்கும் அப்படித்தான். பாண்டியம்மாள் மட்டும் ஒரு நாளும் ஜன்னலுக்கு வரமாட்டாள். வாசலில் புங்கமரத்தடியில் நிற்பாள். உள்ளே வந்தால் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்கள் என்ற பயம் அவளுக்குப் போகவே இல்லை.

அளவு குறைந்து குறைந்து, ஒரு நாள் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா நிறுத்தச் சொல்லிவிட்டார். பரமசிவம் வழக்கம் போல ஜன்னலில் கையை நீட்டினார். கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை என்றேன். அவர் நகரவில்லை.

"வெறுங்கையோட போனா அவ நம்ப மாட்டா. நீங்க வந்து சொல்லுங்க" என்றார்.

ஜன்னலை, அப்போது பயிற்சிக்கு வந்திருந்த நித்யாவிடம் விட்டுவிட்டு அவரோடு வெளியே போனேன். பாண்டியம்மாள் முதலில் அவர் கையைத்தான் பார்த்தாள். இரண்டு கையும் காலி. "இனிமே குடுத்துப் பிரயோசனம் இல்லைன்னுட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டாள்.

இல்லை, இனிமேல் தேவை இல்லை என்றுதான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு புருஷனின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். உருண்டை எல்லாம் வடிந்து, கன்னத்து எலும்பு தெரிய, தாடை கூராக நின்றுகொண்டிருந்தார்.

"இந்த மூஞ்சியப் பாத்துத்தாம்மா கட்டிக்கிட்டேன்" என்றாள். "நடுவுல வேற யாரோ வந்து இருந்துட்டுப் போன மாதிரி இருக்கு."

பரமசிவத்துக்கு வெட்கம் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்காமல் சிரித்தேன். சிரித்த சிரிப்பில் இடுப்பில் சுளீர் என்று பிடித்துக்கொண்டது. அப்படியே பாதி வளைந்து நின்றேன். புருஷன் ஒரு பக்கம் தோள் கொடுக்க, பெண்டாட்டி ஒரு பக்கம் கையைப் பிடிக்க, என்னை நடத்தி உள்ளே கொண்டுவந்தார்கள். அவரைப் படுக்கையில் சேர்த்திருந்த நாட்களுக்குப் பிறகு பாண்டியம்மாள் அன்றைக்குத்தான் அந்த வாசலைத் தாண்டினாள். வரிசை மொத்தமும் திரும்பி எங்களைப் பார்த்தது. முதுகுவலிச் சீட்டோடு நின்ற ஒரு பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வரிசையை விட்டு இறங்கி, வந்த வழியே போய்விட்டார்.